மலையைத் தலைகீழாகச் சுற்றிய இணையதளம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையதளம் செய்து கொடுக்கிற தொழிலுக்கு இந்த மூக்கு ஆகவே ஆகாது. வருகிறவர்கள் எல்லோரும் "சின்ன வேலைதாங்க, பத்து நிமிஷம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பத்து நிமிஷ வேலையென்றால் நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி நான் அனுப்பிவைத்தவர்கள் ஒரு பஸ் கொள்ளும்.

திருவண்ணாமலையில், தேரடியிலிருந்து நாலு சந்து தள்ளி, எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஆபீஸ். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தினேன். அங்கேயும் மூக்குதான் பிரச்சினை, விடுங்கள். ஜவுளிக்கடை, நர்சரிப் பள்ளி, கல்யாண மண்டபம் என்று ஊரில் பாதிப் பேருக்கு நான் சைட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். உண்மையைச் சொன்னால், எனக்கே அவை அலுத்துப் போயிருந்தன.

அப்படி ஓர் ஆடி மாதத்து மத்தியானம் அக்கா வந்தார். கூடப் பிறந்த அக்கா இல்லை, ஊருக்கே அக்கா. செங்கம் ரோட்டில், ஆசிரமம் பக்கத்துச் சந்து ஒன்றில், அப்பா கட்டிய வீட்டை ஆறு அறை லாட்ஜாக நடத்துகிறவர். ஐம்பத்தேழு வயது. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால் "எங்கம்மா டைம் கெடைச்சுது?" என்பார். சென்டரில் வேலை பார்த்த காலத்தில் நான் அங்கே மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். அந்த ரசத்துக்காகவே அவருக்கு மட்டும் நான் கோபத்தைக் கொஞ்சம் அடக்கிவைப்பது வழக்கம்.

செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஒரு சைட்டு போட்டுத் தரணும்மா. ஐப்பசிக்குள்ள ஆறு ரூமும் நெறயணும். இல்லன்னா நான் மூட்டையைக் கட்டிக்கினு சென்னைக்குப் போவணும்."

விஷயம் இதுதான். வீடு அக்காவுக்கும் அவருடைய தம்பிக்கும் பொதுச் சொத்து. தம்பி சென்னையில் இருக்கிறார். கெட்டவர் இல்லை. அக்காவுக்கு முட்டிவலி, தனியாள், அறைகள் பாதி நாள் காலி, எதற்கு இந்தக் கஷ்டம் என்று நினைக்கிறவர். வெளியூர்க்காரர் ஒருவர் பத்து வருஷத்துக்கு வீட்டைக் குத்தகைக்குக் கேட்கிறார், கார்த்திகை பிறக்கிறதுக்குள் சாவி வேண்டுமாம். கொடுத்துவிட்டு அக்கா தம்பியின் ஃப்ளாட்டுக்கு வந்துவிட வேண்டும். "உங்க பால்கனில நின்னா மலை தெரியுமாடா?" என்று அக்கா கேட்டிருக்கிறார். "எதுத்த ஃப்ளாட்டு தெரியும்" என்றாராம் தம்பி.

அக்கா மறுத்துப் பேசப் பேச, கடைசியில் தம்பி ஒரு பந்தயம் மாதிரிச் சொல்லிவிட்டார். தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் இந்த ஊரில் மாட்டுக்கொட்டகைகூட நிறையும், அது கணக்கில்லை. ஐப்பசி மாதக் கடைசிப் புதன்கிழமை, ஒரு விசேஷமும் இல்லாத நாள், நான் வந்து பார்ப்பேன். ஆறும் நிறைந்திருந்தால் வாயைத் திறக்க மாட்டேன். ஒன்று காலியாக இருந்தாலும் நீ கையெழுத்துப் போட வேண்டும். அக்கா ஒப்புக்கொண்டுவிட்டார்.

"ஏன்க்கா ஒத்துக்கினீங்க?" என்று நான் கத்தினேன்.

"பொன் கெடைச்சாலும் புதன் கெடைக்காதும்பாங்க இல்ல? அவனே புதன்கிழமைய தூக்கிக் கைல குடுத்துட்டான். நல்ல சகுனம்தான், நீ வேலைய ஆரம்பி" என்றார்.

ஆரம்பித்தேன். முதல் தகராறு முகவரியில். எங்கள் ஊரில் மலையின் பெயரில் மளிகைக்கடை உண்டு, மெடிக்கல் உண்டு, பஞ்சர் கடை உண்டு. இணையத்திலும் அதே கதை. எந்தப் பெயரை அடித்தாலும் ஏற்கெனவே எவனோ வாங்கிப் போட்டிருந்தான். பதினெட்டாவது பெயர்தான் கிடைத்தது. பிறகு சைட்டை வைக்க சர்வரில் இடம் வாங்க வேண்டும் என்றேன்.

"அது எங்க இருக்குது?"

"வெளிநாட்டுலக்கா. அவங்க கம்ப்யூட்டர்ல நமக்குக் கொஞ்சம் எடம் குடுப்பாங்க. வருஷத்துக்கு இவ்ளோனு வாடகை."

"ஓ, அவங்களும் லாட்ஜ்தான் நடத்துறாங்கனு சொல்லு. ராத்திரில கரண்டு போனா இன்னா செய்வாங்க, ஜெனரேட்டர் வெச்சிருக்காங்களானு கேட்டியா?" இருபது வருஷமாக இதைப் படித்தவர்களுக்கே விளக்கி விளக்கி என் தொண்டை வற்றியிருக்கிறது. லாட்ஜ்காரம்மாவுக்கு ஒரே வாக்கியத்தில் புரிந்துவிட்டது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இரண்டாவது தகராறு பெரியது. முகப்புப் பக்கத்துக்கு மொட்டைமாடியிலிருந்து எடுத்த மலைப் படத்தைப் போட்டு, அதன் நடுவே 'அறை பதிவு செய்ய' என்று ஆரஞ்சு நிறத்தில் பட்டன் வைத்திருந்தேன். எல்லா ஊரிலும் அப்படித்தான் வைப்பார்கள். அக்கா பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா இது? அவர் மேல பட்டனா?"

"யார் மேலக்கா?"

"அந்த மலைதானே சாமி! அவர் நெஞ்சு மேல பட்டன வெச்சு, வர்றவன் போறவன்லாம் வெரல்ல அமுக்குவானா? எடு மொதல்ல."

பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். எடுத்தேன். எழுத்தும் கூடாது என்றார். பெயரும் கூடாது. மலை தனியாக மேலே இருந்தது. வீட்டின் பெயர், பட்டன் எல்லாம் கீழே அடிவாரத்துக்கு இறங்கின. முணுமுணுத்துக்கொண்டே செய்து முடித்துவிட்டுப் பார்த்தால், நான் செய்த அத்தனை சைட்டிலும் இதுதான் லட்சணமாக இருந்தது. அதை அவரிடம் உடனே சொல்லவில்லை. கொஞ்சம் திமிர் எனக்கு.

மூன்றாவது, 'அறை இல்லை' என்ற வாசகம். அன்றைக்கு எல்லா அறையும் பதிவாகியிருந்தால் பட்டன் இருக்கும் இடத்தில் அந்த எழுத்து தானாக வரும்படி செய்திருந்தேன். அதுவும் ஆகாது என்றார் அக்கா. வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட இல்லை என்று சொல்ல மாட்டோம், வாசல்லயே இல்லைனு எழுதி வெப்பியா என்றார். அதனால் 'நிறைந்திருக்கிறது' என்று மாற்றினேன். "அந்தப் புதன்கெழம அந்த எழுத்து வர்றதப் பாத்துட்டா போதும்மா எனக்கு" என்று சொல்லிவிட்டு, எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். அப்போதுதான் அவர் எவ்வளவு பயந்துபோயிருக்கிறார் என்று எனக்கு உறைத்தது.

எழுத வேண்டிய விஷயங்களைக் குரல் செய்தியாகத்தான் அனுப்புவார். காய் நறுக்குகிற சத்தம், குக்கர் விசில், நடுவில் பால்காரரோடு பேரம், எல்லாம் அதில் இருக்கும். 'அமைதியும் ஆன்மிகமும் சங்கமிக்கும் இல்லம்' என்று நான் எழுதிக் காட்டியதற்கு, "அமைதியா? காலைல அஞ்சு மணிக்கு மயிலு கத்துற கத்துல செத்தவன் எழுந்து உக்காருவான். பொய் எழுதாத" என்றார். மயில் கத்தும் என்றே போட்டோம். மத்தியானம் இரண்டு மணிக்குமேல் வந்தால் ரசஞ்சோறுதான் என்று போட்டோம். மூன்றாம் நம்பர் அறையில் வெந்நீர் கம்மி, ஆனால் காற்று ஜாஸ்தி என்று போட்டோம்.

'இன்றைய சமையல்' என்று ஒரு பக்கமும் இருந்தது. அதை எப்படி மாற்றுவதென்று நான் ஒரு முறை சொல்லிக்கொடுத்தேன். மறுநாளிலிருந்து அக்காவே தினமும் ஏற்ற ஆரம்பித்தார். கத்திரிக்காய் சாம்பார், கீரைக்கடைசல், அப்பளம் போதுமான அளவு. புதிதாக ஏற்றியது முதலில் தெரிந்தால்தானே இன்றைய சமையல் தெரியும்? அதற்காக சைட் முழுவதற்கும் 'கடைசியாக ஏற்றியது முதலில்' என்று அமைத்து வைத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் மானம் போனது இதில்தான்.

மலை சுற்றும் பாதைக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்பது என் யோசனை. வெளியூர்க்காரர்கள் படத்தைப் பார்த்தாவது வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். கிழக்கே ராஜகோபுரத்தின் அருகே இந்திர லிங்கத்தில் தொடங்கி, மலையை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு, வழியில் இருக்கும் எட்டு லிங்கங்களையும் கடந்து, ஈசான்ய லிங்கம் வழியாகத் திரும்ப வர வேண்டும். பதினாலு கிலோமீட்டர். ஸ்கூட்டியில் ஒரே சுற்று, ஒன்றரை மணி நேரத்தில் நாற்பது படம். வீட்டுக்கு வந்ததும் வரிசையாக, முதலில் இந்திரம், கடைசியில் ஈசான்யம் என்று ஒழுங்காகத்தான் ஏற்றினேன். படம் எல்லாம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தேன். அக்காவுக்கு, ஏற்றுவதற்கு முன்பே, என் லேப்டாப்பில் இருந்த படங்களைத்தான் வரிசையாகக் காட்டியிருந்தேன். ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்து சைட்டைத் திறந்தோம்.

முதல் நாலு நாள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் காலை அக்காவிடமிருந்து ஃபோன். "ஒடனே வாம்மா. யாரோ ஒருத்தர் என்னைத் திட்டறாரு. எதுக்குனே புரியல."

ஓடினேன். அதற்குள் இன்னொரு அழைப்பு வந்துகொண்டிருந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வேர்க்கடலை விவசாயி. அக்கா ஸ்பீக்கரில் போட்டார். "ஏம்மா, மல்லாட்டைய காயப்போட்டுட்டு சித்த உக்காந்து ஃபோனப் பாத்தேன். உங்களுது இன்னா சைட்டு? ஈசானியத்துல ஆரம்பிச்சு இந்திர லிங்கத்துல கொண்டாந்து வுடறீங்க? உலகமே வலமா சுத்துது, நீங்க மட்டும் இடமா சுத்துறீங்களா?"

சாம்பாருக்குச் செய்த அமைப்பு மலைக்கும் சேர்ந்து வேலை செய்திருக்கிறது. கடைசியாக ஏற்றிய ஈசான்யம் முதலில், முதலில் ஏற்றிய இந்திரம் கடைசியில். ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டு போனால், மலையை அப்பிரதட்சிணமாகச் சுற்றி வருவீர்கள். வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு தப்புக்கு ஃபோன் வருமா? இங்கே வந்தது. யாரோ ஒருவர் அதை வீடியோ எடுத்து, லிங்க்கோடு சேர்த்து, 'பாருங்கள் அநியாயத்தை' என்று ஒரு பக்தர் குரூப்பில் போட, அங்கிருந்து அது வேலூர், புதுச்சேரி, பெங்களூர் என்று போய்விட்டது.

லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு கட்டத்தில் ஒரு டிக், அவ்வளவுதான். சரியாகிவிட்டது. ஆனால் குரூப்பில் சுற்றியது தலைகீழ் சுற்றின் வீடியோ, அதை யார் நிறுத்துவது? ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுத்திருந்தால் இரண்டே நிமிஷத்தில் பதிலுக்குத் திட்டி, அந்த லாட்ஜை அன்றைக்கே மூடியிருப்பேன். நல்ல வேளை, அக்கா என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார்.

"தப்புதாங்க. பெரிய தப்பு. சரி பண்ணியாச்சுங்க. ஆனா படத்துல சுத்துனா புண்ணியம் வருமா, நீங்களே சொல்லுங்க? நேர்ல வந்து நேரா சுத்துங்க. பௌர்ணமிக்கு வராதீங்க, அன்னிக்கு முன்னால போறவர் முதுகுதான் தெரியும். சாதாரண நாள்ல வாங்க. மலை முழுசா உங்களுக்குத்தான். ரூம் இருக்குது, காலைல நாஷ்டா இருக்குது."

இப்படியே ஒவ்வொருவரிடமும் பேசினார். முழுதாக ஒரு வாரம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். திட்ட வந்தவர்கள் முட்டிவலிக்கு மருந்து சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்கள். கீழ்பென்னாத்தூர்க்காரர், "பஸ் ஏறுனா என் வீடு, எனக்கெதுக்கும்மா ரூம்?" என்றார். "சம்பந்தி வந்தா அனுப்புங்க" என்றார் அக்கா. வேலூரிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர், பிரதட்சிணம் என்றால் என்ன என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தார். கடைசியில், உடன் வேலை பார்த்தவர்கள் நாலு பேராக வருகிறோம், இரண்டு அறை வேண்டும் என்றார். என்றைக்கு வசதி என்று கேட்டதற்கு அக்கா கூசாமல் சொன்னார்: "ஐப்பசி கடைசி புதன்கெழமை வாங்க, ரொம்ப விசேஷம்."

"இன்னா விசேஷம்க்கா?" என்று நான் வாயசைத்தேன்.

"எனக்கு விசேஷம்தானே" என்றார் ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு.

அதோடு விட்டாரா? அன்று சாயங்காலம் என்னை உட்காரவைத்துக் கேட்டார். "அந்தப் படம்லாம் எப்படிப் போயி எடுத்த?"

"ஸ்கூட்டிலக்கா."

"செருப்போட?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எப்படி மறைப்பது? "ஆமாக்கா."

"அதான். அவர் காட்டிக் குடுத்துட்டாரு. டிக்கு போட்டா ஆயிடுமா? நடந்து போய்ப் புதுசா எடு. நானும் வர்றேன்."

எனக்குக் கோபம் வந்தது. வேலை முடிந்தது, பணம் வாங்கியாயிற்று, இப்போது பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடக்க வேண்டுமாம். அதைவிட, அந்த முட்டியை வைத்துக்கொண்டு இவர் வருகிறாராம். "நடுவழில உக்காந்துட்டீங்கன்னா தூக்கினு வர என்னால முடியாது" என்றேன். "உக்காந்தா எழுந்துக்குவேன்" என்றார்.

விடிகிற நேரத்துக்குக் கிளம்பினோம். உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் நடந்து மலை சுற்றிப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். உள்ளூர்க்காரர்கள் இப்படித்தான், மலை எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிடுவோம். செங்கம் ரோட்டில் இன்னும் தார் குளிர்ச்சியாக இருந்தது. வலது கைப் பக்கம் மலை கூடவே வந்தது. முக்கால் கிலோமீட்டருக்கு ஒரு முறை அக்கா உட்கார்ந்தார், ஒவ்வொரு இடத்திலும் யாராவது ஒருவர் அவருக்குத் தெரிந்தவராக இருந்தார். டீக்கடைக்காரர், பூக்காரம்மா, ஒரு ரிட்டயர்டு கண்டக்டர். ஸ்கூட்டியில் போனபோது எனக்கு போர்டுகள்தான் கண்ணில் பட்டன. நடந்தபோது ஆட்கள் கண்ணில் பட்டார்கள்.

அக்கா சொல்லச் சொல்லப் படம் எடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே கீழே எழுதிக்கொண்டேன். 'இந்தக் கல்லில் உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.' 'இங்கே டீ சுமார், நூறு அடி தள்ளிப் போங்கள்.' 'வெயில் ஏறினால் இந்தப் பக்கம் கால் சுடும், ஓரமாக மண்ணில் நடங்கள்.' 'முட்டிவலிக்காரர்கள் இங்கே அழலாம், இன்னும் பாதிதான் இருக்கிறது.' வாயு லிங்கத்தைத் தாண்டிய பிறகு அவர் நிஜமாகவே கொஞ்சம் அழுதார். வலியா என்று கேட்டேன். "இத வுட்டுட்டு எங்கம்மா போவேன் நான்?" என்றார். அவர் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு முன்னால் நடந்து போவதைப் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்தேன். முகம் தெரியாது, மலை தெரியும். அன்று என் குதிகாலில் ஒரு கொப்புளம். சத்தியமாகச் சொல்கிறேன், பல வருஷத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

புதுப் படங்களை ஏற்றினோம், வலமாக. திட்டுகிற ஃபோன் நின்றது, விசாரிக்கிற ஃபோன் வந்தது. மெதுவாக நடப்பவர்கள், முட்டிவலிக்காரர்கள், அம்மாவை அழைத்துவருகிறவர்கள். புரட்டாசியில் சாதாரண நாளிலேயே மூன்று அறை, நாலு அறை என்று ஓடியது. ஐப்பசி கடைசிப் புதன்கிழமைக்கு ஆறும் பதிவாயின. வேலூர் டீச்சர்களுக்கு இரண்டு, கீழ்பென்னாத்தூர்க்காரரின் சம்பந்திக்கு ஒன்று, வருஷா வருஷம் வருகிற வெள்ளைக்காரம்மாவுக்கு ஒன்று, புதுச்சேரியிலிருந்து ஒரு புதுக் கல்யாண ஜோடி, பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம்.

புதன்கிழமை காலையிலிருந்து மழை கொட்டியது. நான் பத்து மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். சைட்டில் அந்த எழுத்து வந்திருந்தது, ஆனால் கடைசி ஆள் உள்ளே வந்த பிறகுதான் பார்ப்பேன் என்றுவிட்டார் அக்கா. நனைந்துகொண்டே ஒவ்வொருவராக வந்தார்கள். ஐந்து அறை நிறைந்தது. பன்னிரண்டு மணிக்கு பெங்களூரிலிருந்து ஃபோன். குழந்தைக்குக் காய்ச்சல், இந்த மழையில் கிளம்ப முடியாது, மன்னித்துவிடுங்கள்.

"பரவால்லீங்க. கொழந்தையப் பாத்துக்குங்க, மெளகு ரசம் வெச்சுக் குடுங்க" என்று சொல்லி அக்கா ஃபோனை வைத்தார். அந்தப் பதிவு நீங்கியதும் சைட்டில் பட்டன் திரும்ப வந்துவிட்டது.

நான் லேப்டாப்பை இழுத்தேன். "என் பேர்ல போடறேன்க்கா. யாருக்குத் தெரியப் போவுது?"

"வேணாம்."

"அக்கா!"

"அவன்கிட்ட நான் இதுவரைக்கும் பொய் சொன்னதில்லம்மா. இப்ப எதுக்கு?" குரல் தணிவாக இருந்தது, ஆனால் அதற்குமேல் பேச முடியாது. எனக்கு பெங்களூர்க்காரர் மேல், மழை மேல், அந்தத் தம்பி மேல், எல்லோர் மேலும் கோபம். பேஜார் பிடித்த மழை, ஒரு நாள் தள்ளிப் பெய்தால் என்ன?

தம்பி நாலு மணிக்கு வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, பத்திரங்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு. கூடத்தில் ஒரே கூட்டம். கீழ்பென்னாத்தூர்க்காரர் சம்பந்தியிடம் ஒரு பை மல்லாட்டை கொடுத்தனுப்பியிருந்தார், அதை அக்கா வேகவைத்துக் கொட்டியிருந்தார். டீச்சர்கள் சுற்றி உட்கார்ந்து உரித்துக்கொண்டே, "ஓ, நீதானா அந்தத் தலைகீழ் ஆளு?" என்று என்னை வறுத்துக்கொண்டிருந்தார்கள். தம்பி உட்கார இடம் தேடி, அவர்கள் நடுவில்தான் உட்கார வேண்டியிருந்தது.

"நீங்க எந்த ரூம்?" என்று ஒரு டீச்சர் அவரைக் கேட்டார்.

"நான்... இந்த வீட்டுப் பையன்" என்றார் தம்பி. சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திகைத்த மாதிரி இருந்தது.

அக்கா துண்டையும் ரசஞ்சோற்றையும் கொண்டுவந்து வைத்தார். "அஞ்சுதான்டா. பெங்களூர்க்காரங்க வரல. சாப்பிட்டுட்டு பேப்பர எடு, போட்டுடறேன்." அவ்வளவுதான் சொன்னார்.

தம்பி சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து ஃபோனை எடுத்தார். அத்தனை மாதத்தில் அவர் அந்த சைட்டை ஒரு முறைகூடத் திறந்ததில்லை. இப்போது திறந்து மலை சுற்றும் பக்கத்துக்குப் போனார். ஒவ்வொரு படமாகத் தள்ளினார். இந்திரம், அக்னி, எமன். ஒவ்வொன்றின் கீழும் இருந்ததைப் படித்தார். சுமார் டீயைப் படித்தபோது சிரித்துவிட்டார். வாயு லிங்கத்துக்குப் பிறகு, வெறுங்காலோடு நடந்து போகிற அந்த முதுகு வந்தது. அதில் அவருடைய விரல் நின்றுவிட்டது.

"முட்டி வலிக்கலையா?" என்று கேட்டார், ஃபோனைப் பார்த்தபடியே.

"வலிச்சுது. உக்காந்தேன். அப்பால எழுந்தேன்."

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஃபோனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். குத்தகைக்காரருக்குத்தான் செய்தி அனுப்புகிறார் என்று நினைத்து, நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது என் ஃபோனில் டிங் என்றது. புதிய பதிவு. அறை ஒன்று, ஆள் ஒன்று. பெயர், அந்தத் தம்பியுடையது. 'வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?' என்ற கட்டத்தில், 'காலையில் அக்காவோடு மலை சுத்தணும்' என்று இருந்தது.

என் ஃபோனை அப்படியே அக்காவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். மேலே மலை, அதன்மேல் ஒரு புள்ளிகூட இல்லை. கீழே அடிவாரத்தில், பட்டன் இருந்த இடத்தில், 'நிறைந்திருக்கிறது' என்று இருந்தது. அதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர்கள் பேச்சு சுவாரசியத்தில் மல்லாட்டைத் தோலையெல்லாம் தம்பி கீழே வைத்திருந்த பத்திரக் கவர் மேலேயே குவித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி அதை எடுக்கவில்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். பிறகு ஆணியிலிருந்து ஆறாம் நம்பர் சாவியை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தார்.

"நாஷ்டா ஏழரை மணிக்குங்க" என்றார். "மலை சுத்திட்டு லேட்டா வந்தா கெடைக்காதுங்க."

"சரிங்க" என்றார் தம்பி.